அடைக்கலம் என்றால் குருவி

பயம் எனக்கு எப்போதும் வயிற்றில்தான் வரும். சிலருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், சிலருக்கு நாக்கு வறண்டுபோகும். எனக்கு அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். இன்றைக்கும் தெருக்கோடியில் யாராவது குப்பையைக் கொளுத்தினால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். மருமகள் சிரிப்பாள். "சிமெண்டு வூடு எங்கயாவது எரியுமா அத்த?" என்பாள். எரியாது என்று எனக்குத் தெரியாதா? என் வயிற்றுக்குத் தெரியவில்லை, நான் என்ன செய்ய.

நான் பிறந்தது உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில், பஸ் நிற்காத ஒரு கிராமத்தில். அங்கே ஊர் என்று சொன்னால் நிலம் வைத்திருந்தவர்களின் தெருக்களைத்தான் குறிக்கும். நாங்கள் ஊரில் சேர்த்தி இல்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், பனைமரங்களை ஒட்டி, மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக எங்கள் சேரி இருந்தது. சுதந்திரம் வந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். நைனா, அதாவது என் அப்பா, ஊரில் ஒருவருடைய நிலத்தில் வருஷக் கூலிக்கு உழைத்தார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள்.

சேரியில் பாதிக் குடும்பங்கள் வேதக்காரர்கள். கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்கென்று ஒரு நீளக் கொட்டகை இருந்தது. மற்ற நாளில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். கரும்பலகையைத் திருப்பிப் போட்டால் பின்பக்கம் சுண்ணாம்பால் வரைந்த சிலுவை. பாடம் சொல்லித்தருவதும் ஜெபம் பண்ணுவதும் ஒரே வாத்தியார்தான். உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் வருவார். கணக்குத் தப்பாகப் போட்டதற்குக் காதைத் திருகிய அதே கையைத்தான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலையில் வைத்து ஆசீர்வதிப்பார். எனக்கு அந்தக் கையை நம்புவதா வேண்டாமா என்றே தெரியாது.

ஜெபத்தில் பெரியவர்கள் அடிக்கடி சொன்ன வார்த்தை அடைக்கலம். "நீர்தான் எங்க அடைக்கலம், ஆண்டவரே" என்பார்கள். சொல்லும்போது முகத்தை மேலே தூக்குவார்கள். நானும் தூக்கிப் பார்ப்பேன். மேலே, கொட்டகையின் கிழக்குக் கோடியில், விட்டத்துக்கும் ஓலைக்கும் நடுவில் குருவிகள் கூடு கட்டியிருந்தன. பாடப்புத்தகத்தில் அதே குருவியின் படம் போட்டு, கீழே அடைக்கலங்குருவி என்று எழுதியிருந்தது. நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அடைக்கலம் என்றால் குருவி. ஆண்டவர் எங்களுக்காகக் குருவியாக வந்து கூரையில் குடியிருக்கிறார், எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் இல்லாததால் யாரிடமும் கேட்கவும் இல்லை.

சண்டை பறையால் வந்தது. ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து போய்ப் பறை அடிக்க வேண்டும். அது கேட்டுக் கூப்பிடுகிற வேலை இல்லை, தலையெழுத்து மாதிரி. எங்கள் தாத்தா அடித்தார், நைனாவும் அடித்தார். ஞானஸ்நானம் எடுத்த பிறகு நைனாவும் இன்னும் சிலரும் கொட்டகையில் எழுந்து நின்று, இனி சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். சொல்லிவிட்டு நைனா வீட்டுக்கு வந்து பறையைச் சுவரிலிருந்து கழற்றினார். அம்மா அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே தானியப் பானையை வைத்துவிட்டாள்.

பங்குனியில் ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் வீட்டு ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவள் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள்.

"காலைலேர்ந்து பொணம் கெடக்குது. மோளத்த எடுத்துக்கினு வா" என்றார் ஒருவர்.

"வெறகு பொளந்து தரேங்க. பந்தல் போட்டுத் தரேன். மோளம் மட்டும் அடிக்க மாட்டேன்" என்றார் நைனா.

"ஏன், கை ஒடிஞ்சி பூட்ச்சா?"

"கை நல்லாத்தான் கீதுங்க. கோயில்ல சொல்லிட்டேன்."

அந்த ஆள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் திரும்பி எங்கள் கொட்டகையைப் பார்த்தார். தரையிலிருந்து முகடு வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். "கோயில்ல சொன்னியா. சரி. அதுவும் ஓலக் கூரைதானே" என்றார். வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

அன்றுதான் முதன்முதலாக அந்த ஈரத்துணி என் வயிற்றில் முறுக்கிக்கொண்டது.

வேறு எங்கிருந்தோ ஆட்களைக் கூட்டிவந்து, பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் பிணத்தை எடுத்தார்களாம். அந்த அவமானத்துக்கு எங்கள் மீது ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். யாருக்கும் வேலை கிடையாது. வரப்பில் நடக்கக் கூடாது. கடையில் எங்கள் கைக்கு உப்புகூடப் போடவில்லை. இதெல்லாம் பசியோடு போகிற விஷயம், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மாடு மேய்க்கப் போனவர்களிடம் தினம் ஊர்க்காரர் ஒருவர் ஏதாவது சொல்லி அனுப்பினார். இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, ஓலை நன்றாகக் காய்ந்திருக்கும் என்று ஒருவர். உங்கள் தெருவில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று இன்னொருவர். சிரித்துக்கொண்டே கேட்பார்களாம். நெருப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவே இல்லை, அது எங்களுக்குக் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அதிகம் பயந்தவள் அம்மா. அதற்குக் காரணம் உண்டு. அவள் பிறந்தது செய்யாற்றுக்கு அக்கரையில். சின்ன வயதில் அங்கே அடுப்புப் பொறி பறந்து ஒரு தெருவே எரிந்ததை நேரில் பார்த்தவள். அதைப்பற்றி அவள் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வாள். "சொவரு ஆளக் கொல்லாது. கூரதான் மேல வியும்." எரிகிற கூரை தலைமேல் விழுந்துதான் அங்கே ஆட்கள் செத்தார்களாம். பிற்பகலிலேயே கூழைக் காய்ச்சிவிட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவாள். சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். பக்கத்து வீடுகளிலும் போய் அவர்கள் சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். நைனா பீடி பிடிப்பதை விட்டார். வாத்தியார் பலமுறை சொல்லியும் விடாதவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

மாற்றுத் துணிகளை அம்மா ஒரு மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தாள்.

"பொண்ண இட்டுக்கினு எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன். நீயும் வந்துடு" என்றாள்.

"நான் பூட்டா மீதிப் பேர யாரு பாக்கறது? மொதல்ல மாட்டேன்னு சொன்னவன் நான்தான். நீ போ."

"உன்ன இங்க உட்டுட்டு நான் எங்க போறது?"

தினமும் இதே பேச்சுத்தான், தினமும் இந்த இடத்தில்தான் நிற்கும். மூட்டை கட்டியபடியே கிடந்தது. நைனா இருந்தால் அவருக்கு ஆபத்து, நாங்கள் போனால் அவர் தனியாக ஆபத்தில் இருப்பார். அம்மா எந்த வேளை எழுந்து மூட்டையைத் தூக்குவாளோ என்று அவள் கையையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நைனா இல்லாமல் போகவும் எனக்குப் பயம், போகாமல் அங்கே படுக்கவும் பயம்.

பயம் இல்லாத இடம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கொட்டகையின் கிழக்குக் கோடி. குருவி அங்கே குஞ்சு பொரித்திருந்தது. ஆண்டவரே குடும்பமாகக் குடியேறிவிட்ட பிறகு நெருப்பு எப்படி வரும்? எனக்குக் கிடைத்த கேழ்வரகில் ஒரு பிடி எடுத்துப் போய் அங்கே தூவுவேன். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள்.

"நமக்கே இல்ல, இன்னாடி இறைச்சிக்கினு கீற?"

"அடைக்கலத்துக்குப் போடறேம்மா."

காணிக்கை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, திரும்பிப் போய்விட்டாள்.

சித்திரை பிறந்தது. ஒருநாள் மாலை ஜெபத்துக்குக் கூடியிருந்தபோது அம்மா எழுந்தாள். பெண்கள் எழுந்து பேசுகிற வழக்கம் எங்கள் கோயிலில் கிடையாது.

"கூரையப் பிரிச்சிடலாம்" என்றாள். "எல்லா வூட்டுக் கூரையும். கோயிலு கூரையும். ஓலைய இயுத்துக்கினு போயி அந்தாண்ட காலி நெலத்துல அடுக்கிடலாம். கூரையே இல்லன்னா தலமேல எது வியும்?"

கொட்டகையில் பெரிய பேஜாராகிவிட்டது. சித்திரை வெயிலில் கூரை இல்லாமல் எப்படி இருப்பது, கைக்குழந்தைகளை எங்கே போடுவது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் எழுந்து, "கர்த்தர் பாத்துக்குவாருன்னு தினம் சொல்லிக்கினு, கூரையப் பிரிச்சா அது விசுவாசமா?" என்றார். நல்ல கேள்விதான். இந்த மாதிரிக் கேள்வி கேட்பவர்கள் எல்லாக் கோயிலிலும் இருப்பார்கள், அவர்களை எனக்கு இன்றுவரை பிடிக்காது.

வாத்தியாரும் பயந்துபோயிருந்தார், சைக்கிளில் தனியாக வந்து போகிறவர். அவர், "இந்த யோசனைய அந்த அம்மாவுக்குக் குடுத்ததே கர்த்தரா இருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் கூரைமேல் ஏறினார்கள். எங்கள் வேதக்காரர்கள் மட்டுமல்ல, மாரியம்மனைக் கும்பிடுகிற வீடுகளிலும் பிரித்தார்கள். நெருப்புக்கு வேதம் பார்க்கத் தெரியாதே. தன் கையால் கட்டிய கூரையைத் தன் கையால் பிரிப்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நார் அறுபடுகிற சத்தமும் ஓலை சரிகிற சத்தமும் விடாமல் கேட்டன. எங்கள் வீட்டுக்குள் வெயில் நேராக இறங்கியது. அம்மா கட்டிவைத்த மூட்டைமேலும், கவிழ்த்திருந்த பறைமேலும், உறிமேலும் பட்டபோது எல்லாம் யாரோ வேறொருவர் வீட்டுச் சாமான் போலிருந்தது.

கடைசியாகக் கொட்டகை. மேற்கிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தார்கள். நைனா கிழக்குக் கோடிக்கு வந்து அரிவாளை நாரில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் ஏணியைக் கட்டிக்கொண்டேன்.

"நைனா, அடைக்கலத்தப் பிரிக்காத" என்று கத்தினேன்.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். தினமும் மாலையில் அவர்கள் வாயால் சொன்ன வார்த்தை அல்லவா. என்ன சொல்கிறாய் என்று வாத்தியார் கேட்டார். நான் கூட்டைக் காட்டினேன். அழுதுகொண்டே, ஆண்டவருக்குக் குஞ்சு இருக்கிறது, கீழே விழுந்தால் செத்துப்போகும் என்றேன். சிலர் சிரித்துவிட்டார்கள். வாத்தியார் குனிந்து, அடைக்கலம் என்றால் குருவி இல்லை, ஆபத்தில் போய் ஒதுங்குகிற இடம், ஒண்டிக்கொள்ள வந்ததால்தான் அந்தக் குருவிக்கு அப்படிப் பெயர் என்று விளக்கினார். என் தலையில் ஒன்றும் ஏறவில்லை. அது ஆண்டவர் இல்லை என்றால், இத்தனை நாள் எங்களைப் பார்த்துக்கொண்டது யார்?

அம்மா சிரிக்கவில்லை. ஒரு ஓலை மிச்சம் வைக்கக் கூடாது என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவள் அவள்தான். கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை வயிற்றின்மேல் இருந்தது.

"அந்த எடத்த மட்டும் உட்டுடு" என்றாள் நைனாவிடம். "அதுவும் புள்ளத்தாச்சி வூடுதான்."

ஒரு பாய் அகலத்துக்கு ஓலையை விட்டுவிட்டு நைனா இறங்கினார்.

ஊர்க்காரர்கள் அடுத்த வாரமே வந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம், ஜெபத்துக்குக் கூடியிருந்தோம். ஏரிக்கரைமேல் பந்தங்கள் வரிசையாக வருவதைக் கூரையில்லாத கொட்டகைக்குள்ளிருந்தே பார்த்தோம். கைக்குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். என் கால் வழியாகச் சூடாக ஏதோ ஓடியது. என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை, இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். நைனா மட்டும் எழுந்து வெளியே போனார். அவர் முதுகு இருட்டிக்கொண்டே போவதைப் பார்த்து, இனி அந்த முதுகைப் பார்க்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வந்தவர்கள் தெருமுனையில் நின்றார்கள். பந்த வெளிச்சத்தில் வெறும் சுவர்கள்தான் தெரிந்தன.

"கூர எங்கடா?" என்று ஒரு குரல் கேட்டது.

"நாங்களே பிரிச்சிட்டோங்க" என்றார் நைனா. "வூட்டுல கொயந்தைங்க கீதுங்க. பொம்பளைங்க கீறாங்க. உங்களுக்கு ஓலதான வேணும். அதோ, அந்தாண்ட அடுக்கி வெச்சிகீறோம்."

எரிக்க வந்தவர்களுக்கும் அது ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். சிலர் அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். திரும்பாதவர்கள் காலி நிலத்துக்குப் போய் அடுக்கில் பந்தத்தைப் போட்டார்கள். எங்கள் அத்தனை வீட்டுக் கூரையும் ஒரே இடத்தில் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கொட்டகைக்குள் ஒவ்வொருவர் முகமும் தெரிந்தது.

பிறகு காற்று திரும்பியது. பொறிகள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தன. பற்றிக்கொள்ளச் சேரியில் மிச்சமிருந்தது அந்த ஒரு பாய் அகல ஓலைதான். அம்மா எழுந்தாள். நைனா ஓடிவந்து சுவர்மேல் ஏறினார். பெண்கள் குடங்களைக் கைமாற்றினார்கள். அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி ஜெபமும் பண்ணினாள், பொறி விழுகிற இடத்தையும் காட்டினாள். "ஆண்டவரே, நீர்தான் எங்க அடைக்கலம், இந்தாண்ட ஒண்ணு வியுது பாரு, ஊத்து, எங்கள உட்டுடாதீர் ஆண்டவரே, அந்த முகட்டாண்ட ஊத்து" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எது ஆண்டவருக்கு, எது நைனாவுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓலையிலிருந்து தண்ணீர் அவள் முகத்தில் சொட்டியது. குருவிகள் கத்திக்கொண்டே இருந்தன, கூட்டை விட்டுப் போகவில்லை. நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். பயம் துளிகூடக் குறையவில்லை. ஆனால் ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. அதுவரைக்கும் பயம் என்றாலே ஓடுவதுதான் என்று நினைத்திருந்தேன்.

அடுக்கு எரிந்து முடிந்தது. ஓலை பிழைத்தது. எங்களில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. விடிந்ததும் அம்மா மூலையில் இருந்த மூட்டையை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டாள்.

தாசில்தார் வந்து போனார், போலீஸ் வந்து போனது. பேச்சுவார்த்தை நடந்தது. நடவுக்கு ஆள் வேண்டியிருந்ததால் ஊர் மெல்ல இறங்கிவந்தது. பறை அடிக்க நைனாவை அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஆனால் பனைமரங்கள் ஊருக்குச் சொந்தம், ஓலை வெட்ட விட்டது ஆடி மாதத்தில்தான். அதுவரை கூரை என்று எங்களுக்கு இருந்தது குருவிக்கு விட்ட இடம் மட்டுந்தான். பகலில் கைக்குழந்தைகளையெல்லாம் அதன் நிழலில் நெருக்கிப் போட்டுவிட்டு, வேலைக்குப் போகாத பெண்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு வலி எடுத்தது ஒரு நடுப்பகலில். வேறு எங்கே கொண்டுபோவார்கள்? குழந்தைகளை ஓரம் ஒதுக்கிவிட்டு அந்த நிழலில் பாயைப் போட்டார்கள், சுற்றிச் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். தண்ணீர் கொடுக்க என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். வெயில் நகர நகர நிழலும் தரையில் நகர்ந்தது. வெயில் அம்மாவின் காலைத் தொட்டதும் பெண்கள் பாயின் நான்கு முனையையும் பிடித்து அவளோடு சேர்த்து நிழலுக்குள் இழுத்துக்கொள்வார்கள். மறுபடி வெயில் வரும், மறுபடி இழுப்பார்கள். பொழுது சாயும் வரை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். தம்பி பிறந்தபோது பாய் கிட்டத்தட்ட சுவரோரம் போயிருந்தது.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. நான் தண்ணீரைத் தொட்டு வைத்தேன்.

"மேல கீதாடி?" என்று கேட்டாள்.

நான் அண்ணாந்து கூட்டைப் பார்த்தேன்.

"கீதும்மா" என்றேன்.